ஸ்ரீஸ்கந்தராசா கை தூக்கினார்

வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியின் ஐந்தாம் மாடியில் இருக்கிறார் ஸ்ரீஸ்கந்தராசா. காப்புறுதிக் கம்பனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிரிக்கெட், மாம்பழ விலை, அடுத்த வீட்டுக் கலியாணம், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் இருக்கும். தேர்தல் என்றால் மட்டும் வாய் கோணும்.

“ஆர் வந்தாலும் ஒண்டுதான்,” என்பார். தேர்தல் நாளில் ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பிட்டுப் படுத்தால், வாக்குச்சாவடி மூடிய பிறகுதான் எழும்புவார்.

அடுக்குமாடிக் கூட்டத்துக்கும் அதே கொள்கைதான். போனமுறை கூட்டத்துக்குப் போனவர்கள் கீழ்த்தளத்துக்காரர் மட்டும். லிஃப்ட் சத்தத்தில் மத்தியானம் கண்ணயர முடியவில்லை என்றார் தலைவர் நவரத்தினம். பகலில் லிஃப்டை நிறுத்துவதென்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. எதிர்க்க வேண்டியவர்களெல்லாம் மேலே நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்ரீஸ்கந்தராசாவின் மனைவி கனகேஸ்வரிக்கு முழங்கால் தேய்மானம். அவருக்குக் கோயிலும் போயிற்று, சந்தையும் போயிற்று. அந்த மனுசி பல்கனியில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அதன் பிறகுதான் மனிதர் கிளம்பினார். கதவு கதவாகத் தட்டி, அடுத்த கூட்டத்துக்கு வரச்சொல்லிக் கெஞ்சினார். மூன்றாம் மாடி உம்மு குல்தூம் சிரித்துக்கொண்டே கேட்டார்: “நாங்க வந்து என்னத்துக்கு அங்கிள்? யாரு வந்தாலும் ஒண்டுதானே?”

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சொந்தச் சரக்கு வாசலில் திரும்பி வந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஆனாலும் கூட்டத்துக்கு ஆட்கள் வந்தார்கள். கனகேஸ்வரியும் கம்பியைப் பிடித்துப் பிடித்து, வலியோடு இறங்கி வந்துவிட்டார்.

“லிஃப்ட் பகலிலயும் ஓட வேணும் எண்டவை கையைத் தூக்குங்கோ,” என்றார் நவரத்தினம். பிறகு வேண்டாம் என்றவர்களின் கைகள். எண்ணிப் பார்த்தால் சரிசமம்.

“சமம் எண்டால் இப்ப இருக்கிறபடிதான்,” என்றார் நவரத்தினம், முகமெல்லாம் மலர.

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். எங்களையெல்லாம் இழுத்துவந்த மகாராசா, பழக்கதோஷத்தில், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு கடைசிக் கதிரையில் இருக்கிறார்!

“இஞ்சேருங்கோ! கையைத் தூக்குங்கோவன்!” கனகேஸ்வரி போட்ட சத்தத்தில் மனிதர் பதறிப்போய் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். ஒன்றைத்தான் கணக்கில் எடுத்தார்கள். அது போதுமாயிருந்தது.

லிஃப்ட் திறந்தது. கனகேஸ்வரி முதலில் ஏறினார். பின்னால் ஏறப்போன கணவரைக் கைநீட்டி மறித்தார்.

“எது எண்டாலும் உங்களுக்கு ஒண்டுதானே. படியால வாங்கோ.”