கடைமடைக்கு முதல் முறை

என் பேச்சை என்னைத் தவிர எல்லோரும் பேசிய வீடு அது. எட்டு வயதில் எனக்குத் திக்குவாய். 'வா' என்று நான் ஆரம்பித்தால் போதும், "இன்னாமா, வாந்தி வருதா?" என்பார் சித்தப்பா. "வாயப்பயம் கேக்குது" என்பாள் அத்தை. நான் கேட்க நினைத்தது வாட்டர் பாட்டிலாக இருக்கும். கைக்கு வருவது வாழைப்பழம். தின்று தொலைப்பேன்.

அந்த வருடம் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பாடம் படிக்க வேண்டும். என்னிடம் வரும்போது மட்டும் டீச்சர் என்னைத் தாண்டி அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார். என்னைப் படிக்கச் சொல்ல வேண்டாம் என்று அம்மா கடிதம் எழுதிக் கொடுத்திருந்தாள். எனக்கானால் எரிச்சல் எரிச்சலாக வந்தது. திக்கினாலும் நானே படிப்பேன் என்று வீட்டில் சொல்ல ஒரு வாரமாக முயன்றேன். 'டீ' என்று வாயெடுத்ததுமே என் முன்னால் டம்ளரில் டீ வந்து நிற்கும்.

முகப்பேரில் பேச்சுப் பயிற்சி தரும் ஓர் அக்காவிடம் அப்பா என்னை அழைத்துப் போவார். "பயிற்சி இவளுக்கு மட்டும் இல்ல சார், உங்க எல்லாருக்கும்தான். இவ பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்க வரக்கூடாது" என்றார் அவர். அப்பாவுக்கு உடனே வயல் ஞாபகம் வந்துவிட்டது. மேனாம்பேட்டில் எங்கள் வீடு நின்ற இடமே ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் பாய்ந்த நிலம்தான்.

"எங்க ஊர்ல மொறத்தண்ணின்னு ஒண்ணு இருந்துச்சு மேடம். ஏரில தண்ணி கொறஞ்சா ஆளுக்கொரு மொற. ஒருத்தன் பாச்சி முடிச்சு மடைய அடைக்கிற வரிக்கும் அடுத்தவன் கைய வெக்கக் கூடாது. அதுலயும் கடைமடைக்காரனுக்குத்தான் மொத மொற. இல்லாட்டி மேல கீறவனே மொத்தத்தையும் இஸ்துக்குவான்."

"அதையே வீட்டுல செய்யுங்க சார்" என்றார் அக்கா.

ஆண்டவா! ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டிலேயே சட்டம் அமலுக்கு வந்தது. பேசுகிறவர் முடித்ததும் 'அடைச்சாச்சு' என்று சொல்ல வேண்டும். அதுவரை வேறு யாரும் மூச்சு விடக்கூடாது. வீட்டின் கடைமடை நான் என்பதால் முதல் முறை எனக்கு. வாயைத் திறந்தேன்.

"டீ... டீ..."

"சோறு துன்ற நேரத்துல டீயா?" என்றார் சித்தப்பா.

அப்பா தட்டைத் தள்ளினார். "சின்ன வயசுல எவன் மொறையிலயோ மடைய தொறந்து உட்டவன்தான நீ? அந்தப் புத்தி எங்க போவும்?"

"அண்ணாத்தே, அது வரப்புல நண்டு வள தோண்டி ஒயுகின தண்ணி! எத்தினி வாட்டி சொல்றது?"

"நண்டாம் நண்டு" என்று அத்தையும் சேர்ந்துகொள்ள, முப்பது வருடத்துத் தண்ணீர்ச் சண்டை ரசம் வரை ஓடியது. என் முறை என்ன ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை. சே, என்ன ஜென்மங்களோ! எழுந்து போய்ச் சித்தப்பாவின் வாயைச் சாம்பார் கையாலேயே பொத்தினேன். வீடு அடங்கியது.

"டீ... டீச்சர்... எ... என்னையும்... ப... ப... படிக்கச் சொல்லணும். அ... அடைச்சாச்சு."

எவ்வளவு நேரம் ஆனதோ, அப்பளமெல்லாம் நமத்துவிட்டது. அத்தை இரண்டு தடவை வாயெடுத்தாள். அப்பா முறைத்ததும் விழுங்கிக்கொண்டாள். பரிமாறிக்கொண்டிருந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அவள் எப்போதுமே அதிகம் பேசமாட்டாள்.

மறுநாள் அம்மா என்னோடு பள்ளிக்கு வந்தாள். எதையும் எழுதியே கொடுத்துப் பழகியவள், வகுப்பு வாசலில் டீச்சர் முன்னால் வெறுங்கையோடு நின்றாள். "மேடம், நான் குடுத்த... அ... அந்த லெ... லெ..." கழுத்து நரம்பு புடைத்தது. டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி அடிக்கப் போகிறது, பின்னால் பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்கள், இவள் என்ன இப்படி நிற்கிறாள் என்று எனக்கு ஒரே எரிச்சல்.

"அந்த லெட்டரைக் கிழிச்சுப் போட்டுடுங்க மிஸ்" என்று நானே ஒரே மூச்சில் முடித்துவைத்தேன். திக்கவே இல்லை.

பாதி திறந்திருந்த வாயை அம்மா மூடிக்கொண்டாள். என் தலையைத் தடவிவிட்டு வாசலை நோக்கி நடந்தாள். அம்மாவுக்கு உதவி செய்துவிட்டேன் என்று அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரே பெருமை.