பழனியாண்டி சார் வீட்டுக்கு இறங்கும் வழி

"இன்னைக்கு இங்கிட்டு எறங்குவமா சார்?" என்று பழனியாண்டி சார் என்னிடம் ஒருமுறை கேட்டார். மலையின் பாதி இறக்கத்தில், பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நாங்கள் நின்றிருந்தோம். வலப்பக்கம் இறங்கினால் பள்ளிக்கூடம் இருக்கும் ஊர். இடப்பக்கம் இறங்கினால் காலனி, அவருடைய வீடு. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "பஸ் போயிருமே சார். இன்னொரு நாளைக்கு வாரேன்" என்றேன். "அதுவுஞ் சரிதான்" என்று சொல்லிவிட்டு அவர் தன் பக்கம் இறங்கிப் போனார்.

போன மாதம் ஒரு காலையில் நம் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. "பி.டி. சார் தவறிட்டாங்க. சாயங்காலம் எடுக்குறாங்க." அதன் அடியில் வரிசையாகக் கும்பிடும் கைகள். பி.டி. சார் என்றால் விளையாட்டு ஆசிரியர், நம் பழனியாண்டி சார். பிறகு சிங்கப்பூரில் இருக்கும் ஒரு மாணவன், மாலை வாங்கி அனுப்ப வேண்டும், சார் வீடு எங்கே என்று கேட்டான். செய்தி போட்டவன் பதில் சொல்வதற்குள் வேறொரு பெண் எழுதிவிட்டாள்: "கணக்கு சாரைக் கேளுங்க. ரெண்டு பேரும் எப்பவும் ஒண்ணாத்தான் இருப்பாங்க." கணக்கு சார் நான்தான். அந்த மலையின் ஒவ்வொரு பாறையையும் அவரோடு நடந்து தெரிந்துகொண்டவன் நான். அவருடைய தெரு எனக்குத் தெரியாது.

அவரிடம் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். குளத்தூர் வட்டத்தில் ஒரு மலையடிவாரத்து அரசுப் பள்ளியில் நாங்கள் இருவரும் சேர்ந்து வேலை பார்த்தோம். நான் புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போனேன். அவர் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர். விளையாட்டு மைதானம் என்று பள்ளிக்கு எதுவும் இல்லாததால் மலையையே மைதானமாக்கிக்கொண்டார். சனிக்கிழமைகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார். கூடமாட இருக்க ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். அப்படித் தொடங்கிய பழக்கம் இருவரும் ஓய்வு பெற்ற பிறகும் நிற்கவில்லை. வாய்த்த சனிக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஏறினோம்.

வழுக்குப் பாறையில் இறங்கும்போது பிள்ளைகளை ஒரே கயிற்றில் பிடித்துக்கொள்ளச் சொல்வார். ஊர்ப் பிள்ளை ஒன்று, காலனிப் பிள்ளை ஒன்று என்று மாற்றி மாற்றி நிறுத்துவார். பள்ளியில் தனித்தனியாக உட்காரும் பிள்ளைகள்தான். ஒரு பையன் முன்னால் நிற்பவனோடு சேர்ந்து வர முடியாது என்று முகத்தைத் தூக்கிக்கொண்டான். பழனியாண்டி சார் திட்டவில்லை. "சரிடா, நீ கயித்த விட்டுட்டு வா. நான் கீழ போயி ஒன்ன எங்கன பொறுக்குறதுன்னு பாத்து வைக்கிறேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பையனும் சிரித்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தான். "முட்டிய மடக்கி எறங்குங்கடா, வெறப்பா நின்னா விழுவீங்க" என்பது அவர் ஓயாமல் சொல்லும் வார்த்தை. எனக்கும் சேர்த்துத்தான் சொல்வார்.

மலைமேல் சுனைப் பக்கத்தில் கல் கூட்டி அவரே சமைப்பார். தக்காளிச் சாதம். அந்த வாசத்தை இப்போது இதை வாசிக்கும் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். ஊர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே பாறையில் உட்கார்ந்து ஒரே சட்டியிலிருந்து வாங்கிச் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். ஒருமுறை பள்ளிக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் சுப்பையா, தன் மகனும் வந்திருக்கிறான் என்று ஒரு தூக்கு நிறைய வடை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டார். நல்ல மனிதர். பிள்ளைகள் ஒரு தட்டில் சாதம் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு வாய் வைத்தவர் நிறுத்திக் கேட்டார்.

"நல்லாருக்கே. யாரு சார் சமைச்சது?"

பழனியாண்டி சார் கரண்டியோடு எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நான் சொன்னேன்: "பசங்களே சேந்து சமைச்சாங்க."

கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டுப் பழனியாண்டி சார்தான் சிரித்தார். "ஆமாண்ணே. நான் வெறகு மட்டுந்தான் பொறுக்குனேன்."

அதன் பிறகு அவர் மலைமேல் சமைக்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் விறகு பொறுக்கிப் போட்டுவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகள் சமைத்தார்கள். ஒரு பெண் என்னிடம் நேராகவே கேட்டாள்: "சார், பி.டி. சார் வெறகு மட்டும் பொறுக்குனா சாதம் ஏன் சார் அடிப்பிடிக்குது?" கணக்கில் விடை தெரியாமல் நான் திணறியதை மாணவர்கள் பார்த்ததில்லை. அன்று பார்த்தார்கள்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் பெரிய காரணம் எதுவும் இல்லை. அவர் கையால் சாப்பிடுவதில் எனக்குத் தயக்கம் கிடையாது. சாப்பிட்டது தெரியவருவதில்தான் தயக்கம். சுப்பையா கடையில் தினமும் எனக்கு ஒரு பெஞ்சு, ஒரு டீ, "வாங்க சார்" என்ற ஒரு மரியாதை இருந்தது. அந்தப் பெஞ்சில் காலனிக்காரர்கள் யாரும் உட்காருவதில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. நான் பழனியாண்டி சாரைக் கூப்பிடுவேன். "எனக்கு டீ ஆகாது சார், பித்தம்" என்று ரோட்டிலேயே நின்றுகொள்வார். அவருக்குப் பித்தம், எனக்குப் பஸ். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எங்கள் சிநேகிதத்தை ஒரு கீறல் விழாமல் காப்பாற்றினோம் என்று நினைத்திருந்தேன்.

செய்தி வந்த அன்று மதியம் அதே பஸ்ஸில் ஏறினேன். வழக்கமாக இறங்கும் பள்ளிக்கூட ஸ்டாப்பைத் தாண்டி முதல் தடவையாகப் போனேன். பஸ் மலையைச் சுற்றிக்கொண்டு போய்க் காலனி வாசலில் நின்றது. அதுதான் கடைசி ஸ்டாப். அங்கேதான் வண்டி திரும்புகிறது. "திரும்பிப் போறப்ப இங்கனயே ஏறிக்கங்க சார், சீட்டு கெடைக்கும். பள்ளிக்கூடத்துல ஏறுனா நின்னுக்கிட்டுத்தான் வரணும்" என்றார் கண்டக்டர்.

இத்தனை வருடமும் நான் பிடிக்க ஓடிய பஸ் பழனியாண்டி சார் வீட்டு வாசலிலிருந்துதான் புறப்பட்டு வந்திருக்கிறது. அவர் பக்கம் இறங்கியிருந்தால் பஸ் போயிருக்காது. உட்கார்ந்தே ஊர் போய்ச் சேர்ந்திருப்பேன். இது அவருக்கு நன்றாகத் தெரியும். "அதுவுஞ் சரிதான்" என்றுதான் சொன்னார். எனக்குத் தெரியாதா என்றால், வண்டி எங்கோ போய்த் திரும்பி வருகிறது என்பது தெரியும். எங்கே என்று கேட்டதில்லை. கணக்கைத் தப்பாகப் போடுகிறவனுக்கு நான் எப்போதும் பாதி மதிப்பெண் கொடுப்பேன். கேள்வியையே படிக்காமல் தாளைக் கொடுப்பவனுக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இருக்காது.

ஐஸ் பெட்டிக்குள் சாரைப் பார்த்தேன். விசில் கயிறு இல்லாத கழுத்து வேறு யாருடையதோ போல் இருந்தது. அவருடைய மனைவி காளியம்மாள் என்னை அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் நான் மாலையை வைத்துவிட்டு நிமிர்ந்ததும், "கணக்கு சாரா?" என்று கேட்டார். தலையசைத்தேன்.

"அடுப்புப் பத்த வைக்கக் கூடாத நாளாப் பாத்து வந்திருக்கீங்க சார். ஒரு வாயி காப்பித்தண்ணி குடுக்க முடியல" என்றார்.

அவர் குத்திக் காட்டவில்லை. வீட்டுக்கு முதல் முறை வந்தவருக்கு எதுவும் கொடுக்க முடியவில்லையே என்ற வருத்தம்தான் அது. அதனாலேயே என்னால் அங்கே நிற்க முடியவில்லை. எடுத்து முடித்ததும், துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதால், யாரிடமும் எதுவும் சொல்லாமல் கிளம்பினேன்.

பஸ்ஸில் சீட்டு கிடைத்தது. பக்கத்தில் சுப்பையா வந்து உட்கார்ந்தார். அவரும் வந்து தெருமுனையில் நின்றிருக்கிறார். வண்டி நகர்ந்ததும் நானாகவே சொன்னேன். "சுப்பையா, அன்னைக்கு மலையில நீங்க சாப்பிட்டது பசங்க சமைச்சது இல்ல. பழனியாண்டி சார் சமைச்சது."

"தெரியும் சார்" என்றார் அவர். "பசங்க சமைச்சா அப்படியா இருக்கும்? கரண்டி வேற வாத்தியாரு கையில இருந்துச்சு."

"தெரிஞ்சுமா சாப்பிட்டீங்க?"

"சாப்புட்டேனே. ரெண்டாந் தடவ கேக்கலாமான்னு நெனச்சேன். நீங்க அப்படிச் சொன்னதும், சரி, சாரே மறைக்கிறாரு, நம்ம எதுக்குக் கெளறணும்னு விட்டுட்டேன்." ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சொன்னார். சார் உயிரோடு இருந்தவரை சுப்பையா அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். அன்றைக்குத்தான் "வாத்தியாரு" என்று அவர் சொல்லிக் கேட்டேன். சுப்பையாவை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. அவர் எட்டிப் பார்த்த கதவை அன்று சாத்தியது நான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அடுத்த சனிக்கிழமை மலையேறினேன். தனியாக. பாதை பிரியும் இடத்தில் இடப்பக்கம் இறங்கினேன். முட்டியை மடக்கித்தான் இறங்கினேன். வழுக்கும் இடங்களில் எல்லாம் தட்டைக் கற்கள் படி போலப் பதிக்கப்பட்டிருந்தன. எனக்கு முட்டிவலி என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கற்களைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கண் கலங்கியது. வாசலுக்கு வந்ததும் முதலில் அதைத்தான் காளியம்மாளிடம் கேட்டேன்.

"அதுவா? என் ஆட்டுக்குப் போட்டது சார். சினையாடு வழுக்கி விழுந்துருச்சு. ஒங்களுக்குன்னு நெனச்சுட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் சிரித்துவிட்டார். பிறகு உள்ளே போய் இலை போட்டபடியே சொன்னார். "மொதல்ல ரெண்டு மூணு தடவ, இன்னைக்கு சார் வருவாருன்னு சொல்லிட்டுப் போவாரு. நானும் வீட்டக் கூட்டி மொழுகி வச்சேன். அப்பறம் விட்டுட்டேன். வர்ற ஆளா இருந்தா வந்திருப்பாருல்லன்னு சொன்னேன். அதுக்குப் பெறகு அவரும் சொல்றதில்ல."

சாதமும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார். உப்புக் கூடுதலாக இருந்தது. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "அவரு கையி எனக்கு வராது சார். வீட்டுல அவருதான் சமைப்பாரு. இத்தன வருசம் நல்ல சோறு இருந்துச்சு, வரல. இப்ப வந்து மாட்டிக்கிட்டீங்க."

இலையை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். டீ கொடுத்தார். "அவருக்குப் பித்தம், டீ ஆகாதுல்ல?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"பித்தமா? எந்நேரமும் டீதான். அடுப்புல கொதிச்சுக்கிட்டே இருக்கணும். பித்தம்னு யாரு சொன்னா?"

"அவருதாம்மா. பள்ளிக்கூடத்துக்கு எதுக்க, கடையில டீ குடிக்கக் கூப்பிடுறப்ப."

காளியம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது. "ஓ, அந்தக் கடையிலயா" என்று மட்டும் சொன்னார். என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, இன்னொரு முறை நிறைத்துக் கொடுத்தார். பஸ் வாசலில் வந்து நின்று, திரும்பி, போயும்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

பழனியாண்டி சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று குழுவில் கேட்கிறார்கள். அவர் விசில் அவர் மகளிடம் இருக்கிறது. கயிறு பள்ளியில் இருக்கிறதாம். எனக்கு மிஞ்சியது அவருக்கு இல்லாத அந்தப் பித்தம். என் பெஞ்சு எனக்கு இருக்கட்டும் என்று அவர் வெயிலில் நின்று சொன்ன பொய். யாராவது இன்று என்னை டீ குடிக்கக் கூப்பிட்டால், முதல் வாய்க்கு முன் அந்த வார்த்தை வந்து தொண்டையில் நிற்கிறது. அது போகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

உங்களுக்கும் அப்படி ஒருவர் இருப்பார். பல வருடமாகச் சேர்ந்து நடந்திருப்பீர்கள், அவர் வீட்டு வாசலை மிதித்திருக்க மாட்டீர்கள். இந்த வாரம் போய் ஒரு வாய் கேட்டுச் சாப்பிடுங்கள். அடுப்பு எரிகிற நாளிலேயே போய்விடுங்கள்.