அண்ணனும் லூசியனின் தோட்டாப் பிரஸ்ஸும்

எங்கள் அண்ணனுக்கு நினைவஞ்சலி எழுத உட்கார்ந்தால் அவருடைய கைகள்தாம் முதலில் நினைவுக்கு வருகின்றன.

அண்ணன் பிறந்தது பொள்ளாச்சியில். அப்பா அகாலத்தில் காலமானபின், கல்லூரி விடுமுறைகளில் மோட்டார்ப் பட்டறையில் வேலை பார்த்து எங்களைப் படிக்க வைத்தார். அறுபதுகளின் இறுதியில் இயந்திரப் பொறியாளராகக் கனடாவின் மொன்றியலுக்கு வந்தவர், அண்ணியையும் பின்னர் தங்கை என்னையும் அழைத்துக்கொண்டார். நகரின் வடக்கே மொன்றியல்-நோரில் வாடகை வீடு. மாடியில் நாங்கள், கீழ்வீட்டில், துறைமுகத்தில் வேலை பார்த்த லூசியன்.

லூசியன் இலையுதிர் காலத்தில் வேட்டைக்குப் போகிறவர். ஒருநாள் தம் தந்தையின் கைப்பிரஸ்ஸைச் சுமந்துகொண்டு மாடியேறி வந்தார். சுட்டு முடித்த தோட்டாக் கூட்டில் வெடிமருந்து நிரப்பியபின், குண்டை அதன் வாயில் வைத்து அழுத்தும் பழைய இரும்புச் சாதனம். துருவேறி இறுகியிருந்தது. முட்டை கூடத் தொடாத அண்ணன் அதை ஆசையோடு வாங்கிக்கொண்டார்.

"வேட்டைக்குத் துணை போறீங்களாக்கும்?" என்றார் அண்ணி.

"அது அவன் பாடு. இந்த இரும்பு என்ன பாவம் பண்ணுச்சு?"

மண்ணெண்ணெயில் ஊற வைத்துத் துருவைச் சுரண்டினார். தேய்ந்த முளைக்குப் பதில் புதிதாக ஒன்றைக் கடைந்து போட்டார். குண்டை அழுத்தும் மேல் அச்சையும் கூட்டைத் தாங்கிக் கீழிருந்து ஏறும் தண்டையும் ஒரே நேராக நிறுத்துவதுதான் பாக்கி. பிசகினால் குண்டு கோணலாக உட்காரும், சுடுகிறவனுக்கே ஆபத்து. அந்த வேளையில்தான் அவர் கையிலிருந்து ஸ்பேனர் நழுவத் தொடங்கியது. சில வாரங்களில் சட்டைப் பொத்தானும் போட முடியவில்லை. தசைகள் மெல்லச் செயலிழக்கும் நோய், மருந்தில்லை என்றார் மருத்துவர்.

வீடு திரும்பியதும் அண்ணன் என்னைப் பிரஸ்ஸின் முன் உட்கார வைத்தார்.

"அம்மணி, நீ திருப்பு. மயிரிழை எடப்பக்கம். ஐயோ, அவ்வளவு இல்லே."

"எனக்கு வரமாட்டேங்குதுங்ணா."

"உடு, அப்பறம் பாக்கலாம்."

அப்புறம் அவருக்குப் பேச்சே குழறிப்போயிற்று.

வேட்டைக் காலம் நெருங்கியபோது லூசியன் வந்தார். பிரஸ்ஸின் பிடியை இழுத்துப் பார்த்தார்; தண்டு வழுக்கிக்கொண்டு ஏறியது. "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி அண்ணனின் தோளைத் தட்டினார். அண்ணன் தலையை ஆட்டி ஆட்டி ஏதோ ஒலியெழுப்பினார். தண்ணீரா, வலியா, படுக்க வேண்டுமா என்று அண்ணி ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவுமில்லை. அண்ணனின் முகம் சிவந்தது. அவர் கண்கள் பிரஸ்ஸிலேயே நிலைத்திருப்பதை லூசியன்தான் கவனித்தார். "இது இன்னும் சரியாகவில்லையா? தோட்டா போடக்கூடாதா?" என்று பிரெஞ்சில் கேட்டார். அண்ணன் இமைகளை மூடித் திறந்தார். லூசியன் பிடியைக் கழற்றி அவர் மடியில் வைத்து, "தொடமாட்டேன்" என்றார். அண்ணன் அழுதார். அந்தக் கண்ணீரைத் துடைக்கவும் அவரால் முடியவில்லை, அண்ணி துடைத்துவிட்டார்.

அந்தக் குளிர்காலத்திலேயே அவர் எங்களை விட்டுப் போனார். மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் பனி உறைந்த இரும்புப் படியில் அவரை நாற்காலியோடு தூக்கி இறக்கிய லூசியனுக்கும், உடனிருந்த மருத்துவருக்கும், சமைத்து அனுப்பிய குடும்பங்களுக்கும், கடைசிவரை ஊட்டிவிட்ட அண்ணிக்கும் நன்றி சொல்கிறோம். நம்மில் எவராலும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனாலும் நீங்கள் ஒருவரும் அவரைத் தனியாக விடவில்லை.