யோலாந்தாவின் இரண்டு மணி

போன கிழமை பலேர்மோவின் சீசாப் பகுதியில், பஸ் தரிப்பில் நின்று மகளுக்காகக் காத்திருந்தேன். அவள் நடந்து வரும் வழியைக் கைபேசியில் ஒரு நீலப் புள்ளி காட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று புள்ளி நின்றுவிட்டது. ஏழு நிமிடம் அசையவே இல்லை. பதினொரு முறை அழைத்தேன். சிரிக்காதீர்கள், எண்ணிச் சொன்னவள் அவள்தான்.

"அம்மா, ஃபிரெண்டோட கதைச்சுக்கொண்டு நிண்டனான். மதோன்னா! ஏன் இப்பிடிப் பயப்பிடுறீங்கள்?" என்றாள் கடைசியில் ஃபோனை எடுத்து, இத்தாலியக்காரி மாதிரி.

பக்கத்தில் வந்தபோது அவள் தலையில் தேங்காய் மணக்கும் புதுக் கிறீம். யோலாந்தாவின் தலையில் மணத்ததும் அதுதான்.

யோலாந்தா கரீபியன் தீவுக்காரி, டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தவள். நான் பலேர்மோவுக்கு வந்த புதிதில் நாங்கள் இருவரும் ஒரே சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொண்டோம். தொண்ணூறு வயது இத்தாலியக் கிழவி, தனியே விடவே முடியாது. காலையிலிருந்து இரண்டு மணி வரை நான், அதற்குப் பிறகு அவள். அவளுடைய இரண்டு மணி மூன்றேகாலுக்குத்தான் வரும்.

எனக்கோ ஒருவர் பிந்தினால் இருப்புக் கொள்ளாது. சண்டைக் காலத்தில் ஊரில் ஆறு மணிக்கு ஊரடங்கு. ஐந்தே முக்காலுக்கும் அப்பாவின் சைக்கிள் வரவில்லை என்றால் எல்லோரும் வாசலில் போய் நிற்போம். அப்படி வளர்ந்தவள் நான். இரண்டு பத்துக்கே பால்கனிக்குப் போய்விடுவேன். அவள் தெருமுனையில் தெரிவாள், பிறகு மறைந்துவிடுவாள். மீன்காரனோ தெரிந்த யாரோ மறித்திருப்பார்கள். ஒருவர் கதைக்கும்போது மணிக்கூட்டைப் பார்ப்பது அவள் ஊரில் பெரிய மரியாதைக் குறைவாம்.

ஒருமுறை தன் பிறந்தநாளுக்கு ஐந்து மணிக்கு வரச் சொன்னாள். நானும் என் கணவரும் நாலு ஐம்பதுக்கே கேக்கோடு போய்க் கதவைத் தட்டினோம். கதவைத் திறந்தவளின் தலை முழுக்க ரோலர், தோளில் துவாய். எங்களைக் கண்டதும் அலறிவிட்டாள். அவர்கள் தீவில் ஐந்து மணி என்றால் வீட்டுக்காரி குளிக்கப் போகும் நேரமாம்! மற்றவர்கள் ஏழரைக்கு வந்து சேர்ந்தபோது நான் ஒரு சட்டி வாழைக்காய் சீவி முடித்திருந்தேன். இவர் பலூன் ஊதிக் களைத்துப்போய் இருந்தார்.

அன்றைக்குத்தான் ஊரடங்குக் கதையை அவளுக்குச் சொன்னேன். நாங்கள் கதைத்தது உடைந்த இத்தாலியனில். நினைக்கும்போது ஏனோ எங்கள் தமிழில்தான் கேட்கிறது.

"இஞ்சை பார், நான் பிந்தினா நீ சாப்பிடு. இன்னும் பிந்தினா படுத்து நித்திரை கொள். நான் வருவன்" என்றாள் யோலாந்தா.

அதைப் பழக எனக்கு ஒரு வருடம் பிடித்தது. பால்கனிக்குப் போவதை மெல்ல மெல்ல விட்டேன். அப்பாவின் சைக்கிள்கூடக் கனவில் வருவது குறைந்தது.

பிறகு, அப்போது கைப்பிள்ளையாக இருந்த மகளுக்கு ஒரு தடுப்பூசி இருந்தது. நாளைக்குக் கொஞ்சம் நேரத்தோடு வருவாயா என்று யோலாந்தாவிடம் கேட்டேன்.

"ஓம் ஓம், நாளைக்கு உன்ர நேரத்துக்கு வாறன்" என்றாள், சிரித்துக்கொண்டே. நான் நம்பவில்லை. பிள்ளையைக் கொண்டுபோகும் வேலையை இவர் தலையில் கட்டிவிட்டேன்.

மறுநாள் இரண்டு மணி ஆயிற்று, மூன்றும் ஆயிற்று. சிஞ்ஞோராவுக்கு சூப் கொடுத்துவிட்டு நானும் ஆறுதலாகச் சாப்பிட்டேன். மூன்றரைக்கு, பயம் வரவில்லையே என்று என்னையே மெச்சிக்கொண்டேன். அந்த மெச்சுதலை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

"மற்றவள் எங்கை?" என்று கிழவி கேட்டாள்.

"வருவாள், சிஞ்ஞோரா."

நாலு மணிக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. நாலேகாலுக்கும் எடுக்கவில்லை. திரும்பவும் பால்கனிக்குப் போனேன். கிழவியை விட்டுவிட்டு ஓடவும் முடியாது. இவருக்குச் சொன்னேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அல்பெர்கேரியாப் பகுதியில் அவள் இருந்த வீட்டுக்கு ஓடினார். வாசலில் நின்று என்னை அழைத்தார்.

"அவவின்ர ஃபோனுக்கு எடுத்தா உள்ளுக்கை அடிக்கிறது கேக்குது. கதவு திறக்கினமில்லை."

கீழ்வீட்டுக்காரர்கள் கதவை உடைத்தார்கள். அவள் கதவுக்கு உட்பக்கத்திலேயே விழுந்து கிடந்தாள். காலில் சப்பாத்து, தோளில் கைப்பை. மூளையில் இரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார் டாக்டர். ஒன்றரை மணியளவில் நடந்திருக்க வேண்டும், கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம் என்றார். ஒன்றரை மணி! வாழ்க்கையில் ஒருநாள் அவள் என் நேரத்துக்கு வெளிக்கிட்டிருக்கிறாள். நான் அவளுடைய நேரப்படி காத்திருந்திருக்கிறேன்.

உயிர் தப்பியது. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. அவளுடைய தங்கை வந்து தங்கள் ஊருக்குக் கூட்டிப்போனாள். சிஞ்ஞோராவும் இப்போது இல்லை. அந்த வீட்டைச் சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். மீன்காரன் நெடுநாள் அவளை விசாரித்தான், பிறகு அவனும் கடையை மூடிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணிக்கு வீடியோவில் அழைக்கிறேன். தங்கை அவளுக்குத் தலைவாரி, கதிரையில் இருத்தி, முன்னால் ஃபோனை நிறுத்தி வைத்திருப்பாள். மூன்றுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது எடுத்தாலும் யோலாந்தா அங்கே இருக்கிறாள். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூடப் பிந்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.