கடைசிக் கோட்டின் வெள்ளை

மகளின் கையெழுத்தைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை. கோழி கிளறின மாதிரி என்பேன். கொப்பித் தாளைக் கிழித்துத் திரும்ப எழுத வைப்பேன். அப்போது அவள் நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் எழுதும் டொச் மொழியும் கோணல், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுதும் தமிழும் கோணல். ஜெர்மனியில், பீலெஃபெல்டில், எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்தால் பிள்ளைகளின் கொப்பியை எடுத்துப் புரட்டுவார்கள். அவளுடையதை நான் ஒளித்து வைத்துவிடுவேன்.

அந்த வருடம் பள்ளியில் பின்னேர வகுப்பாகச் சீனத் தூரிகை எழுத்துத் தொடங்கினார்கள். கையெழுத்துத் திருந்தும் என்று நான்தான் சேர்த்துவிட்டேன். எழுத்துத் திருந்தவில்லை, பிள்ளைதான் மாறினாள். பழைய பேப்பரை நிலத்தில் விரித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ‘மரம்’ என்று பொருள்படும் ஒரே சீன எழுத்தை மாதக்கணக்காக எழுதினாள். நாலே நாலு கோடு. என்னிடம் மட்டும் காட்ட மாட்டாள். ஏன் காட்டப்போகிறாள்?

வருட முடிவில் கண்காட்சி. அதற்கு முதல் நாள் அவள் நீச்சலுக்குப் போயிருந்த நேரம், கண்காட்சிக்கென்று அவள் எழுதி மேசையில் வைத்திருந்த தாளைப் பார்த்தேன். வடிவாகத்தான் இருந்தது. கடைசிக் கோடு மட்டும் பாதியில் மை வற்றி, வெள்ளை வெள்ளையாகக் கீறுபட்டுக் கிடந்தது. பிள்ளையின் வேலையைப் பெற்றோர் கொஞ்சம் திருத்தி அனுப்புவது எங்கள் வீடுகளில் வழக்கம்தான். நாலு பேர் பார்க்கிற இடத்தில் இப்படியா தொங்குவது என்று, அவளுடைய தூரிகையையே மையில் தோய்த்து வெள்ளையை நிரப்பினேன். காய்ந்ததும் சுருட்டிப் பையில் வைத்தேன். எனக்குப் பெரிய திருப்தி.

மறுநாள் சுவரில் அதைப் பார்த்த ஆசிரியை மகளைக் கூப்பிட்டார். வறண்ட தூரிகையில் வரும் அந்த வெள்ளைதானே உயிர், அதற்காகத்தானே இவ்வளவு பழகினாய், மேலே யார் பூசியது என்று கேட்டார். மகள் தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

“நான்தான்,” என்றாள்.

ஒரு கோட்டின் மேல் திரும்பத் தூரிகை வைக்கக்கூடாது என்று எல்லோர் முன்னாலும் அவளுக்குச் சொல்லப்பட்டது. தலையாட்டினாள். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை.

பஸ்ஸில் கேட்டேன்.

“அம்மாதான் செய்தது எண்டு ஏன் சொல்லேல்லை?”

“எல்லாரும் நிண்டவை. உங்களைத்தான் ஒரு மாதிரிப் பாப்பினம்.”

“வீட்ட போய் வேற ஒண்டு எழுதுவம், என்ன?”

“ஏலாதம்மா. அது ஒருக்காத்தான் அப்பிடி வந்தது.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் கட்டிப்பிடித்து மன்னிப்பாவது கேட்டிருப்பேன். இன்றுவரை கேட்கவில்லை.