அருளப்பனுக்கும் ஒரு இலை

என் புருஷன் மண்டையில் கல் விழுந்தது கோயில் முற்றத்தில்தான். ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வந்த நேரம். 1957ஆம் வருஷம், ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை.

பிரியமானவர்களே, ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். அதைச் சொன்னால், அப்போது என் மனசில் இருந்த விஷத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் ஊர் இலஞ்சிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே வயலை ஒட்டிய சின்ன ஊர். ஒரே சபை. ஆனால் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு கட்சி. கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவர் யார் நிலத்தை ஒட்டிப் போவது என்று ஆரம்பித்த சண்டை. கோயிலுக்குள்ளேயே இந்தப் பக்கம் அவர்கள், அந்தப் பக்கம் இவர்கள். சபையார் அரிசியும் காயும் கொண்டுவந்து, ஒன்றாகச் சமைத்து, ஊருக்கே இலை போடுவோமே அசனம், அதுவும் அந்தச் சண்டையோடு நின்றுபோனது.

என் வீட்டுக்காரர் தேவசகாயம் கொத்தனார். கோயிலில் கஞ்சிரா தட்டிக் கீர்த்தனை பாடுகிறவர். எந்தக் கட்சியிலும் சேராதவர். அன்றைக்கு வாய்ச்சண்டை முற்றினபோது நடுவில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் கல் வந்தது. எறிந்தவன் கீழத்தெரு அருளப்பன், சபை மூப்பருடைய தம்பி. நான் கண்ணால் பார்த்தேன். போலீஸ் வந்து விசாரித்தபோது வேறு ஒருத்தருமே பார்க்கவில்லையாம். அத்தனை பேர் நின்ற முற்றத்தில் ஒருத்தர்கூட!

தென்காசி ஆஸ்பத்திரியில் கிடந்தார். உயிர் இருந்தது. பேச்சு இல்லை. கண் திறந்து என்னைப் பார்ப்பார், வாய் கோணும், சத்தம் வராது. "இனிமே பேச்சு வருமான்னு சொல்லுததுக்கில்ல, தாயி" என்றார் டாக்டர். எங்கள் சபையிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. மேலத்தெருக்காரர்களுக்கு நாங்கள் கீழத்தெரு ஆட்கள். கீழத்தெருக்காரர்களுக்கு அருளப்பன் சொந்தம்.

நான் ஜெபம் பண்ணினேன். வெட்கத்தைவிட்டுச் சொல்லுகிறேன், முதலில் பண்ணின ஜெபம் அருளப்பன் கை விளங்காமல் போகணும் என்றுதான். நாலைந்து நாள் அதையே கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கே நெஞ்சு காய்ந்துபோனது. ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, "ஆண்டவரே, அவன் கையை விடும். இவர் வாயைத் திறந்து என்னை ஒரு தடவை கூப்பிடட்டும். நான் ஊர் பூராவுக்கும் அசனம் போடுதேன்" என்று பொருத்தனை பண்ணினேன்.

மூன்றாம் நாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். "புஷ்பம்" என்றார். கிண்ணம் கையை விட்டு விழுந்தது. பக்கத்துக் கட்டில்காரருடைய பெண்சாதி என்னமோ ஏதோ என்று எழுந்து ஓடிவந்தாள்.

வீட்டுக்கு வந்தார். பேச்சு திக்கும். பாட்டு மட்டும் திக்காமல் வந்தது. அதெல்லாம் கர்த்தர் செய்தது. நானோ பொருத்தனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அரிசி இல்லை என்பேன், காலம் சரியில்லை என்பேன். அதெல்லாம் சாக்கு. கடைசியில் அவரே கேட்டார்.

"ஊர் பூ... பூராவும்னுதானே சொன்ன? அப்போ அருளப்பனுக்கும் ஒரு எல உண்டுல்லா?"

"அவனுக்கு எல போடுத கைய நானே வெட்டிக்கிடுவேன்" என்றேன். அவர் கஞ்சிராவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். ஆனால் அன்றைக்குப் பிறகு எனக்கு ஜெபத்தில் வாய் வரவில்லை.

1959, ஆனி மாதம். சரி, போட்டுத் தொலைப்போம் என்றுதான் ஆரம்பித்தேன். நல்ல மனசோடு இல்லை. சபை அண்டாக்களைக் கேட்டு மூப்பர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலைவிட்டு நகரவில்லை.

"ஏட்டி, பாத்திரம் சபைக்குள்ளது. ஒன் வீராப்புக்கு இங்கன ஒரு கரண்டி கெடையாது."

மேலத்தெருவில், கீழத்தெருக்காரன் வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்றார்கள். கீழத்தெருவில் கதவையே சாத்தினார்கள். ஒருத்தி ஜன்னல் வழியே, "புருசனுக்கு ஒரு கல்லு பத்தலையோ?" என்று கேட்டாள்.

நான் தென்காசிச் சந்தையில் முருங்கைக்காயும் கீரையும் விற்கிறவள். அங்கே போய் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். வெங்காய மண்டி பாய் கூப்பிட்டு விசாரித்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "சோறு போடுததுக்கா இம்புட்டுச் சண்ட? எங்க பள்ளிவாசல்ல சோறாக்குத தேக்சா அஞ்சு கெடக்கு, வாங்கித் தாரேன். வெங்காயம் என் கணக்கு" என்றார். சுந்தரபாண்டியபுரத்தில் வயல் வைத்திருக்கிற சம்சாரி ஒருவர், என்னிடம் வழக்கமாகக் கீரை வாங்குகிறவர், வண்டியில் இரண்டு மூட்டை அரிசி அனுப்பினார். இலஞ்சித் தோப்பிலிருந்து தேங்காயும் வாழை இலையும் வந்தது. கத்திரிக்காய், பூசணிக்காய் எல்லாம் சந்தையில் ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிப் போட்டதுதான். மேளத்துக்கு இலத்தூர் நையாண்டி மேளக்காரர்கள் சும்மாவே வருகிறோம் என்றார்கள். என் வீட்டுக்காரர் முன்பு அவர்களோடு உட்கார்ந்து தாளம் பழகினவர்.

மேளம் என்றதும் மூப்பர் கொதித்துவிட்டார். "அம்மன் கொடைக்கு அடிக்கிற மேளத்த வேதக்காரன் விருந்துக்குக் கொண்டாருதாளாம்" என்று ஊரெல்லாம் சொன்னார். முந்தின நாள் வெட்டி வைத்த அடுப்புக் குழியில் யாரோ சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். வேறே குழி வெட்டினோம்.

எங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு காலி இடம். அதில் பனையோலைப் பந்தல். சனிக்கிழமை மத்தியானம் சோறு, சாம்பார், அவியல், பாயசம் எல்லாம் இறங்கும் பக்குவம். மேளம் முழங்குது. இலை போட்டாயிற்று. ஒரு ஆள் வரவில்லை. இரண்டு தெருவும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. பாயும் அவர் மண்டி ஆட்கள் இரண்டு பேரும் மட்டும் ஓரமாக நின்றார்கள்.

விறகுக் குவியலுக்குப் பின்னால் போய் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, என் மனசுல அவனுக்கு எடமில்ல. எடம் இருக்குதுன்னு பொய் சொல்லிக்கிட்டு எல போட்டுட்டேன். நீரே யாரையாச்சும் கொண்டு வந்து ஒக்கார வையும்." அவ்வளவுதான் ஜெபம்.

இன்னும் எழுந்திருக்கவில்லை, அதற்குள் மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. சாரல் காலத்துக் காற்று எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இரண்டு நாளாகத் தூறல் இல்லை, ஓலை காய்ந்து கிடந்தது. அடுப்பு மேற்கே, பந்தல் கிழக்கே. தீப்பொறி பந்தல் பக்கம் பறந்தது. பந்தலின் மேற்கு வரிசைக் கால்கள் இரண்டு மண்ணைப் பெயர்த்துக்கொண்டு எழும்பின. ஓலை ஒரு பக்கமாகத் தூக்கியது. பந்தலுக்கு அந்தப் பக்கம் முதல் ஓலைக்கூரை அருளப்பன் வீடு.

முதலில் ஓடிவந்தவன் அவன்தான். தாவிப் பந்தல் காலைக் கட்டிப் பிடித்தான். "ஏலே, நின்னு பாக்கியளே! பிடிங்கலே! தெருவே எரிஞ்சு போவும்!" என்று கத்தினான். கீழத்தெரு ஓடிவந்தது. அடுத்த தெருவும் கூரைதானே, மேலத்தெருவும் ஓடிவந்தது. காலுக்கு இரண்டு பேர், மூன்று பேர். மேளக்காரர்கள் மேளத்தை வைத்துவிட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றினார்கள். மூப்பரே வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்திருந்தார். அப்புறம்தான் சாரல் சோவென்று இறங்கியது. பெண்களும் பிள்ளைகளும் நனையாமல் இருக்கப் பந்தலுக்குள் வந்தார்கள். வந்தவர்கள் இலை கிடந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். எந்தத் தெரு எந்த வரிசை என்று பார்க்க இடமில்லை.

காற்று விடவில்லை. ஆண்கள் காலைப் பிடித்தபடியே நின்றார்கள். என் வீட்டுக்காரர் கஞ்சிராவை எடுத்துத் துதிப்பாட்டு ஒன்று ஆரம்பித்தார். மேளக்காரர்கள் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பரிமாறினேன். கடைசியில் அருளப்பன் பிடித்து நின்ற பந்தல் காலுக்கு வந்தேன்.

"எனக்கு வேண்டாம்" என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எங் கூரைக்காகத்தான் வந்தேன்."

"தெரியும்" என்றேன். அவனைப் பார்த்ததும் வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் ஒரு இலையில் சோற்றைப் பிசைந்து உருட்டினேன். அவன் ஒரு கையால் காலைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை நீட்டினான். அந்தக் கைதான். அந்தக் கையில்தான் வைத்தேன். தின்றான். இன்னொரு உருண்டை வைத்தேன். அதையும் தின்றான். மூன்றாவது உருண்டை வைக்கும்போது அவன் கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

அதோடு ஊர் திருந்திவிட்டது என்று சொன்னால் பொய். கல்லறைச் சுவர் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. மூப்பர் என்னிடம் பேச இரண்டு வருஷம் ஆனது. அருளப்பன் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அடுத்த ஆனியில் விடியும்போது எங்கள் வாசலில் ஒரு வண்டி விறகு கிடந்தது. அவன் பெண்சாதி வந்து, "அவிய போடச் சொன்னாவ" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள். அன்று முதல் அசனம் நிற்கவில்லை. சபை அண்டாவும் வெளியே வந்தது.

எனக்கு என்ன மாறியது? ராத்திரி படுத்தால் அவன் முகம் வந்து தூக்கத்தைக் கெடுக்கும், அது போய்விட்டது. இப்போது அவனுக்காக ஜெபம் பண்ணுகிறேன். சில நாள் கஷ்டப்பட்டுத்தான் பண்ணுகிறேன்.

இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் யாருக்காவது மனசில் ஒரு ஆள்மேல் எரிச்சல் இருந்தால், நல்ல மனசு வந்த பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். எரிச்சலோடேயே போய் முழங்கால் போடுங்கள். என்னைத் தள்ளாதவர் உங்களைத் தள்ளமாட்டார். என் புருஷனுக்கு வாயைக் கொடுத்து, எனக்குப் பாதி மனசைக் கொடுத்திருக்கிற ஆண்டவருக்குக் கோடி ஸ்தோத்திரம். மீதியையும் தருவார், நம்புகிறேன்.