வெள்ளையடித்த சுவரும் அய்யலூர்க்காரியும்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு டிசம்பர் மாதம் நடந்தது இது. அப்போது திண்டுக்கல்லில், மலைக்கோட்டைக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில் குடியிருந்தோம். நான் பள்ளிக்கூட ஆசிரியர். வீட்டின் பின்னால், கொல்லைச் சுவரை ஒட்டி, ஆள் உள்ளே நின்று வேலை பார்க்கும் அளவுக்குப் பெரிய கம்பிவலைக் கூண்டு. அதில் இருபது லவ் பேர்ட்ஸாவது இருக்கும். அது முழுக்க என் மனைவியின் ராஜ்ஜியம்.

தினையைப் புடைத்துப் போடுவது, அலகு தீட்டக் கணவாய் மீனின் ஓட்டைக் கம்பியில் கட்டிவிடுவது, பனிக்குச் சாக்குப் படுதா இறக்குவது எல்லாம் அவள்தான். முட்டையிடும் பெட்டைகளுக்கு அவை வந்த ஊரையே பெயராக வைத்திருந்தாள். அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு வாங்கப் போன அவள் அண்ணன், ஆட்டை விட்டுவிட்டு வாங்கி வந்தது அய்யலூர்க்காரி. சேலை எடுக்கப் போன இடத்தில் நெசவுக்காரர் வீட்டில் பிரியமாகக் கொடுத்தது சின்னாளப்பட்டிக்காரி. அவள் பிறந்த வீட்டிலிருந்து சீதனம் மாதிரி வந்தது வடமதுரைக்காரி. எனக்கோ எல்லாம் ஒன்றுதான். நிம்மதியாகப் பேப்பர் படிக்க விடாத ஒரு கூட்டம், அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை அவள் வடமதுரைக்குப் போயிருந்தாள். மறுநாள் அவள் அண்ணன் குழந்தைக்கு ஞானஸ்நானம், இவள்தான் ஞானத்தாய். அரைப் பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டியிருந்ததால் நான் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு வீடு முழுக்க வெள்ளையடித்தாகிவிட்டது. கூண்டுக்குள் இருந்த சுவர் மட்டும் பாக்கி. 'குஞ்சு பொரிச்சிருக்கு, இந்த வருசம் வேணாம்' என்று சொல்லியிருந்தாள். மிச்சச் சுண்ணாம்பு வாளியில் கிடந்தது. அவள் வருவதற்குள் அதையும் பளிச்சென்று ஆக்கிவைத்தால் அசந்துபோவாள் என்று எனக்கொரு நினைப்பு.

சுவரில் வரிசையாக ஆறு ஆணி. ஒவ்வொன்றிலும், பெட்டைகள் முட்டையிட, பக்கவாட்டில் துளை போட்ட சின்ன மண்பானை. பறவைகளை ஒரு பக்கமாக விரட்டி நடுவில் போர்வையைக் கட்டினேன். ஆறு பானைகளையும் பத்திரமாக இறக்கி, பெஞ்சில் வைத்து, துண்டால் மூடினேன். ஒவ்வொரு ஆணிக்குக் கீழேயும் கரித்துண்டால் என்னவோ எழுதிவைத்திருந்தாள். சுவரில் கிறுக்குகிற பிள்ளைகளின் காதைத் திருகுகிறவன் நான். அதன்மேல் இரண்டு பூச்சு அதிகமாகவே அடித்தேன். மதியம் காய்ந்ததும் பானைகளை மாட்டினேன், போர்வையை அவிழ்த்தேன், குளித்தேன், திருப்தியாகச் சாப்பிட்டுப் படுத்தேன்.

கண் அசந்திருப்பேன். ஒரே கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால் பெட்டைகள் பானை வாசலில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு சண்டை. ஒரு பானைக்குள் எட்டிப் பார்த்தேன். இறகு முளைக்காத மூன்று குஞ்சுகளில் ஒன்று தலை கிழிந்து செத்துக் கிடந்தது. எல்லாப் பானைகளையும் கழற்றி வெளியே எடுத்து வைத்துவிட்டு, தெருமுனை டெலிபோன் பூத்துக்கு ஓடினேன்.

வடமதுரையில் மைத்துனர் வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையில்தான் போன். அவளைக் கூப்பிட்டுவிடச் சொல்லிவிட்டு, பத்து நிமிடம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்று, மறுபடி அடித்தேன். விஷயத்தைச் சொன்னதும், "பானைய மாத்தி மாட்டிட்டீங்களா?" என்றாள்.

"எது எங்க இருந்துச்சுன்னு தெரியலம்மா. நீ எழுதிவச்சதும் சுண்ணாம்புல போயிருச்சு."

"அவளுகளுக்கு எடந்தாங்க அடையாளம். தன் எடத்துல வேற குஞ்சு கெடந்தா கொத்திப் போட்டுருவாளுக."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். "செத்த நேரம் இருங்க" என்றாள். பிறகு செபம் சொல்கிற மாதிரி ஒப்பித்தாள். "கெழக்கோரம் அய்யலூர்க்காரி, நாலு குஞ்சு, எறகு வந்துருச்சு. அடுத்தது முட்ட மட்டும், அஞ்சு. மூணாவது சின்னாளப்பட்டிக்காரி, மூணு பச்சக் குஞ்சு. நாலாவது வெறும் பானை. அஞ்சாவது ரெண்டு முட்ட. கடைசி வடமதுரைக்காரி. அவளுக்கும் மூணு பச்சக் குஞ்சு." சிவப்புப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

"மூணாவதும் கடைசியும் ஒரே மாதிரி இருக்கே, எப்படிப் பிரிக்கிறது?"

"அந்த ரெண்டையும் மாட்டாதீங்க. கூண்டுக்குள்ள தரையில தள்ளித் தள்ளி வச்சிட்டு வெளிய உக்காந்து பாருங்க. சத்தத்தக் கேட்டு ஆத்தாளுகளே எறங்குவாளுக. எவ எதுல போயி ஊட்டுறாளோ அது அவளுது."

"எவ எவன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"மூணு வருசமா நம்ம வீட்டுலதான இருக்காளுக" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் சுருக்கென்றது. "சின்னாளப்பட்டிக்காரி கழுத்தச் சாச்சுத்தான் எதையும் பாப்பா. வடமதுரைக்காரிக்கு வால்ல ஒரு எறகு கெடையாது. நான் கெளம்பி வரவா?"

"காலையில பிள்ளையக் கையில ஏந்தப்போறவ நீ. வராத. நான் பாத்துக்கிறேன்" என்றேன், ஏதோ தைரியத்தில்.

நாலு பானைகளை அவள் சொன்னபடி மாட்டினேன். செத்த குஞ்சை எடுத்துவிட்டு, மற்ற இரண்டு பானைகளையும் கூண்டுக்குள் தரையில் தள்ளித் தள்ளி வைத்தேன். வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். உள்ளே குஞ்சுகள் பசியில் கத்துகின்றன. மேலே கம்பில் பெட்டைகள் அசையவில்லை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. இருட்டிவிட்டால் எதுவும் இறங்காது, மிச்ச ஐந்தும் விடிவதற்குள் போய்விடும் என்று முக்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டேன். ஒவ்வொரு வாலாகப் பார்த்தேன், ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்தேன். ஒன்றுக்கு மூக்கின் மேல் காபி நிறத் திட்டு. ஒன்று தூங்கும்போது ஒற்றைக் காலில் நிற்கிறது. ஒரே கூட்டம் என்று நினைத்திருந்தேன், ஒன்று போல் இன்னொன்று இல்லை.

ஒரு பச்சைப் பெட்டை கழுத்தைச் சாய்த்தது. 'ஏ, சின்னாளப்பட்டிக்காரி' என்று என்னை அறியாமல் சொன்னேன். அது இறங்கி வந்தது, ஒரு பானையை எட்டிப் பார்த்தது, விலகியது. அடுத்த பானைக்குப் போய் வாசலில் நின்று கேட்டது. உள்ளே போனது. கத்தல் மெல்ல அடங்கி, ஊட்டும்போது வருகிற கிச்சுக்கிச்சுச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வாலில் இறகில்லாதவளும் இறங்கி மற்ற பானைக்குள் போனாள். இரண்டு பானைகளையும் மெல்லத் தூக்கி அவரவர் ஆணியில் மாட்டினேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை.

ஞாயிறு சாயங்காலம் வந்தவள் பையைக்கூட இறக்காமல் கூண்டுக்குப் போனாள். ஒவ்வொரு பானையாகப் பார்த்தாள். "செத்தது வடமதுரைக்காரியோடது. எங்க பொதச்சீங்க?" என்றாள். முருங்கை மரத்தடியைக் காட்டினேன். அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து, அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். "நீங்களே எழுதுங்க. உங்க கையெழுத்துத்தான் திருத்தமா இருக்கும்." என் வெள்ளைச் சுவரில் ஆறு ஆணிக்குக் கீழேயும் நானே எழுதினேன்.

சில வருடங்கள் கழித்து, கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்த எங்கள் மகளின் பிரசவத்துக்காக அவள் ஒரு மாதம் அங்கே இருந்தாள். அதற்குள் எங்கள் வீட்டுக்கும் போன் வந்துவிட்டது. தினமும் சாயங்காலம் ஒவ்வொரு பெட்டையின் சேதியையும் நான் சொல்ல, அவள் 'ம்' கொட்டிக் கேட்பாள். ஒருநாள், "உன் குரல் கம்மியிருக்கே, ராத்திரி தூங்கலையா?" என்று கேட்டேன். "இதெல்லாம் எப்பப் பிடிச்சுக் கவனிக்க ஆரம்பிச்சீங்க?" என்று சிரித்தாள்.

கண்ணெதிரே மூன்று வருடம் இருந்த பறவைகளையே பார்க்காதவன், கூடவே வாழ்ந்தவளிடம் எதையெல்லாம் பார்க்காமல் விட்டேனோ என்று அந்தச் சனிக்கிழமையை நினைக்கும்போதெல்லாம் வருந்துகிறேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறேன்.